காலையில் மட்டும் இன்ஜின் ஏன் நடுங்குகிறது?

கோத்தகிரியில் மார்கழி, தை மாதக் காலைகளில் எங்கள் தெருவில் அடிக்கடி கேட்கிற ஒரு சத்தம் உண்டு. யாராவது காரை ஸ்டார்ட் செய்வார்கள். ஒரே செல்ஃபில் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். பிடித்த கையோடு வண்டி தடதடவென்று ஆடத் தொடங்கும். சத்தம் ஏறும், இறங்கும், இதோ நிற்கப் போகிறது என்று தாழ்ந்துபோய் மறுபடி எழும். ஓட்டுபவர் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்துப் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பார். நாலைந்து நிமிடம் போனால் எல்லாம் அடங்கிவிடும். அப்புறம் நாள் முழுக்க அந்த வண்டியில் ஒரு குறையும் தெரியாது.

இதைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ஆளுக்கொரு காரணம் வரும். "குளிருக்கு அப்படித்தான் இருக்கும்", "இப்ப வர்ற பெட்ரோல் சரியில்ல", "பிளக்கை மாத்துங்க, சரியாயிடும்", "இன்ஜெக்டரைக் கழட்டி சர்வீஸ் பண்ணணும்." இவற்றில் எதுவும் முழுப் பொய் இல்லை. ஆனால் காலையில் மட்டும் ஏன் வருகிறது, சூடானதும் எங்கே போகிறது என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் வண்டியில் என்ன கோளாறு என்பதைப் பாதி கண்டுபிடித்த மாதிரிதான். அதைக் கேட்காமல் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்த்துப் பணத்தை விட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை அடிப்படையிலிருந்து எழுதுகிறேன். இங்கே சொல்வது பெட்ரோல் கார்களைப் பற்றி. டீசல் இன்ஜின் பற்றவைக்கும் முறையே வேறு. அதில் காலைத் தொல்லை என்றால் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்குகளை முதலில் பார்க்க வேண்டும்.

குளிர்ந்த இன்ஜின் என்றால் எவ்வளவு குளிர்?

முதல் குழப்பம் இந்த வார்த்தையிலேயே இருக்கிறது. 'கோல்டு ஸ்டார்ட்' என்றதும் மலையும் பனியும் நினைவுக்கு வருகின்றன. இன்ஜினைப் பொறுத்தவரை கதை வேறு. பெட்ரோல் இன்ஜின் ஏறத்தாழ 90 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் வெளிக்காற்றின் சூட்டுக்கே இறங்கியிருக்கும். ஊட்டியில் உறைபனி விழுந்த காலையில் அது பூஜ்யத்தை ஒட்டி இருக்கலாம், சென்னையில் 25 டிகிரியாக இருக்கலாம். 90-இலிருந்து பார்த்தால் இரண்டுமே வெகு கீழே இருப்பவைதான். மதுரைக்காரர் வண்டியும் காலையில் குளிர்ந்த வண்டிதான்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. குளிர் கூடக் கூட, சின்னக் குறை பெரிதாக வெளியே தெரியும். சமவெளியிலிருந்து விடுமுறைக்கு மேலே வருகிறவர்கள் மறுநாள் காலையில் வண்டி ஆடுவதைப் பார்த்து, மலையேறியதால் ஏதோ கெட்டுவிட்டது என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் குறை ஊரிலேயே இருந்திருக்கும். அங்கே முப்பது வினாடியில் அடங்கிவிட்டதால் கவனித்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

முதல் தோசை

கல் காய்வதற்கு முன் ஊற்றுகிற முதல் தோசை என்ன ஆகும்? ஒட்டிக்கொள்ளும், ஒழுங்காக வேகாது. அதனால் முதல் தோசைக்குக் கொஞ்சம் எண்ணெய் தாராளமாக விடுவோம். கல் சூடேறிவிட்டால் எண்ணெயைக் குறைத்துக்கொள்வோம். குளிர்ந்த இன்ஜினுக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட இதேதான்.

பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. அது ஆவியாகி, காற்றோடு கலந்து, அந்தக் கலவைதான் தீப்பொறி பட்டதும் எரிகிறது. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்பது முழுதாக எரிவதற்கான அளவு. பெட்ரோல் அதைவிடக் கூடினால் கலவை 'ரிச்', குறைந்தால் 'லீன்' என்பார்கள். இந்த இரண்டு சொற்களும் கீழே அடிக்கடி வரும்.

சூடான இன்ஜினில் தெளிக்கப்படும் பெட்ரோல் உடனே ஆவியாகிவிடும். குளிர்ந்த இன்ஜினில் அப்படி ஆவதில்லை. இட்லிப் பானையைத் திறந்தால் மூடியின் உள்பக்கம் தண்ணீர் கோத்துக்கொண்டு நிற்குமே, அதுபோல ஆவியாகிய பெட்ரோலிலும் ஒரு பகுதி குளிர்ந்த உலோகச் சுவர்களில் மறுபடி திரவமாகப் படிந்துவிடும். இன்ஜெக்டர் சரியான அளவு தெளித்தாலும், எரியக்கூடிய நிலையில் சிலிண்டருக்குள் போய்ச் சேருவது குறைவு. கணக்குப்படி சரியாக ஊற்றியும் கலவை லீனாகவே இருக்கும். அதை ஈடுகட்ட, காலையில் வண்டிக்குக் கூடுதலாகப் பெட்ரோல் கொடுத்தே ஆக வேண்டும்.

அம்பாசிடர், பத்மினி, பழைய மாருதி 800 ஓட்டியவர்களுக்குச் சோக் இழுத்தது நினைவிருக்கும். அந்தக் குமிழை இழுத்தால் கார்புரேட்டருக்குப் போகும் காற்று குறையும், கலவை ரிச் ஆகும். வண்டி சூடானதும் மறக்காமல் உள்ளே தள்ளிவிட வேண்டும். இன்றைய வண்டியில் அந்தக் குமிழ் இல்லை, ஆனால் அது செய்த வேலை அப்படியே இருக்கிறது. அதை இப்போது ஒரு கணினி செய்கிறது.

அதாவது, குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் முழுதாக ஆவியாவதில்லை, அதனால் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு கூடுதல், எத்தனை நேரம் என்கிற கணக்கு பிசகினால் வண்டி நடுங்கும்.

கணக்குப் போடுவது யார்?

அந்தக் கணினியை இ.சி.யு என்பார்கள். இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் தீப்பொறி, எவ்வளவு காற்று என்பதையெல்லாம் முடிவுசெய்வது அதுதான். அதற்குக் கண்ணும் கையும் கிடையாது. இன்ஜினில் அங்கங்கே பொருத்திய சென்சார்கள் சொல்வதை வைத்துத்தான் முடிவெடுக்கும்.

காலை நேரத்தில் அதற்கு மிக முக்கியமான தகவல் கூலன்ட் வெப்பநிலை சென்சாரிலிருந்து வருகிறது. இன்ஜினைச் சுற்றி ஓடும் குளிர்விப்பு நீரின் சூட்டைச் சொல்லும் சின்னப் பாகம் அது. கல்லில் தண்ணீர் தெளித்துச் சூடு பார்ப்போமே, அந்த வேலை. 'சொய்'யென்று ஆவியானால் கல் காய்ந்துவிட்டது, இல்லையென்றால் இன்னும் எண்ணெய் வேண்டும். சென்சார் 10 டிகிரி என்று சொன்னால் இ.சி.யு பெட்ரோலைக் கூட்டும், 80 என்று சொன்னால் குறைத்துவிடும்.

இன்னொரு சென்சார் புகைக்குழாயில் இருக்கிறது. அதன் பெயர் ஆக்ஸிஜன் சென்சார். எரிந்து வெளியே வரும் புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, கலவை ரிச்சா லீனா என்று சொல்லும். தோசையைச் சுட்டு ருசி பார்த்துச் சொல்கிற ஆள் மாதிரி. ஆனால் ஏறத்தாழ 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் அது வேலை செய்யும். அதற்குள்ளேயே ஒரு சூடேற்றி இருக்கிறது என்றாலும் ஸ்டார்ட் செய்த உடனே ஒன்றும் சொல்லாது.

ஆக முதல் கொஞ்ச நேரம் இ.சி.யு ருசி பார்க்க ஆள் இல்லாமல், வெப்பநிலையைப் பார்த்து, மனப்பாடமாக வைத்திருக்கும் அளவுப்படி பெட்ரோல் ஊற்றுகிறது. இந்த நிலைக்கு 'ஓப்பன் லூப்' என்று பெயர். ஆக்ஸிஜன் சென்சார் விழித்துக்கொண்டதும், அது சொல்வதைக் கேட்டு நொடிக்கு நொடி அளவைத் திருத்தத் தொடங்கும். அது 'குளோஸ்டு லூப்'.

இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். எங்கேயோ ஒரு குழாயில் காற்றுக் கசிகிறது, கலவை லீன் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். சூடான இன்ஜினில் ஆக்ஸிஜன் சென்சார் அதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடும், இ.சி.யு கூடுதல் பெட்ரோல் ஊற்றிச் சமாளித்துவிடும், நமக்கு ஒன்றும் தெரியாது. குளிர்ந்த இன்ஜினில் சொல்ல ஆள் இல்லை, அதனால் அதே கசிவு நடுக்கமாக வெளியே வருகிறது. அப்படியென்றால் வண்டி சூடானதும் கோளாறு சரியாகிவிடவில்லை. கோளாறு அங்கேயேதான் இருக்கிறது, அதை மூடிமறைக்க ஆள் வந்துவிட்டது. "கொஞ்ச நேரம் ஓடவிட்டால் சரியாகிவிடும்" என்கிற பேச்சு மக்களை ஏமாற்றுவது இந்த இடத்தில்தான்.

எது இயல்பு, எது கோளாறு?

காலையில் இன்ஜின் கொஞ்சம் உரக்கச் சத்தம் போடுவதெல்லாம் கோளாறு இல்லை. சூடான வண்டி சும்மா நிற்கும்போது, அதாவது ஐட்லிங்கில், பெரும்பாலும் நிமிடத்துக்கு 700 முதல் 850 சுற்று சுற்றும். டேஷ்போர்டில் ஆர்.பி.எம் முள் காட்டுவது இதைத்தான். குளிர்ந்த நிலையில் அது 1,200, சில வண்டிகளில் 1,500 வரைகூடப் போய், மெல்ல மெல்ல இறங்கும். இது வேண்டுமென்றே செய்யப்படுவது.

இதற்குள் இன்னொரு காரணமும் இருக்கிறது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் 250, 300 டிகிரி சூடேறினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதைச் சீக்கிரம் சூடாக்க, முதல் அரை நிமிடம் ஒரு நிமிடத்துக்கு இ.சி.யு தீப்பொறியைச் சற்றுத் தாமதமாகக் கொடுக்கும். எரிதலின் சூடு சக்தியாக மாறாமல் புகையோடு வெளியே போய் கன்வர்ட்டரைச் சூடாக்கும். அப்போது இன்ஜின் சத்தம் கொஞ்சம் கரகரப்பாகவே இருக்கும். புகைக்குழாயில் வெள்ளையாக நீராவி வருவதும், ஒன்றிரண்டு சொட்டுத் தண்ணீர் விழுவதும் குளிர்ந்த காலையில் சாதாரணம்.

முள் நிலைகொள்ளாமல் மேலும் கீழும் அலைவது, ஸ்டியரிங்கில் உதறல், இடையிடையே ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டுவிடுவது, வண்டி நின்றேபோவது, இவைதான் கோளாறு. சிலிண்டர் எரியாமல் விடுவதை மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்பார்கள். மிஸ்ஸிங்கோடு செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மினுக்கினால் அந்த வண்டியை விரட்டி ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். அதன் விலைக்கு முன்னால் பிளக், பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் காயில், இவற்றின் விலையெல்லாம் சில்லறை.

இன்னொரு விஷயம். முள் ஆடாமல் ஒரே இடத்தில் நிற்கிறது, ஆனால் வண்டி மட்டும் அதிர்கிறது என்றால் இன்ஜினைச் சந்தேகிக்க அவசரப்படாதீர்கள். இன்ஜினைத் தாங்கி நிற்கும் ரப்பர் மவுண்டுகள் தளர்ந்திருக்கலாம். முள்ளும் ஆடுகிறதா, உடம்பு மட்டும் ஆடுகிறதா என்று பார்க்க ஒரு பைசா செலவில்லை.

காற்று எங்கே நுழைகிறது?

காலை நடுக்கத்துக்குக் காரணங்கள் பல. அதில் காற்றுக் கசிவை முதலில் சொல்கிறேன். அடிக்கடி வருவதும், அடிக்கடி தவறவிடப்படுவதும் அதுதான்.

இளநீர் குடிக்கும் ஸ்ட்ராவில் நடுவே ஓர் ஓட்டை இருந்தால் என்ன ஆகும்? எவ்வளவு உறிஞ்சினாலும் காற்றுதான் வரும். இன்ஜினும் உறிஞ்சுகிற இயந்திரம். ஃபில்டர் வழியாக வரும் காற்று, த்ராட்டில் என்கிற கதவைத் தாண்டி, இன்டேக் மேனிஃபோல்டு என்கிற குழாய்த் தொகுதியில் பிரிந்து சிலிண்டர்களுக்குப் போகிறது. ஐட்லிங்கில் அந்தக் கதவு ஏறக்குறைய மூடியே இருக்கும். அதனால் மேனிஃபோல்டுக்குள் உறிஞ்சல் பலமாக இருக்கும். அதில் ஒரு ரப்பர் குழாய் வெடித்திருந்தாலோ, இணைப்பில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் கடினமாகியிருந்தாலோ, கணக்கில் வராத காற்று உள்ளே போகும்.

அதே ஓட்டை நெடுஞ்சாலையில் ஏன் தெரிவதில்லை? ஒரு கரண்டி உப்பை ஒரு டம்ளர் நீரில் போடுவதற்கும் ஒரு குடம் நீரில் போடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். வேகமாகப் போகும்போது இன்ஜின் குடம் குடமாகக் காற்றைக் குடிக்கிறது. நிற்கும்போது டம்ளர் அளவுதான். காலைக் குளிரில் ரப்பர் இறுகிச் சுருங்குவதால் ஓட்டை பெரிதாகும். இன்ஜின் சூடானால் ரப்பர் இளகி விரிந்து, இடைவெளி தானாகவே கொஞ்சம் மூடிக்கொள்ளும். சில வண்டிகளில் காற்றை அளக்கும் முறை வேறு என்பதால், கசிவு கலவையைக் கெடுக்காமல் ஐட்லிங்கை மட்டும் ஏற்றி இறக்கும்.

பேனட்டைத் திறந்து, இன்ஜின் ஓடும்போது 'உஸ்' என்று ஒரு சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாய், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை மறுபடி உறிஞ்சிக்கொள்ள அனுப்பும் பி.சி.வி வால்வின் குழாய், இவற்றின் வளைவுகளைக் கையால் லேசாக வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். சிலர் கார்ப் கிளீனர் என்கிற சுத்தம் செய்யும் ஸ்ப்ரேயை அங்கங்கே அடித்து, ஆர்.பி.எம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். சூடான இன்ஜினில் அது தீப்பிடிக்கும் வேலை, வீட்டில் செய்யாதீர்கள். மெக்கானிக்கிடம் புகையை உள்ளே செலுத்திப் பார்க்கும் கருவி இருந்தால் அது பத்திரமான வழி. ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே புகை கசிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

பொய் சொல்லும் சென்சார்

என் சொந்த வண்டியில் வந்தது இதுதான். இரண்டு தடவை ஒரு ஒர்க் ஷாப்பில் விட்டு, பிளக் மாற்றி, இன்ஜெக்டர் சுத்தம் செய்து, பெட்ரோல் ஃபில்டரும் மாற்றியாகிவிட்டது. காலை நடுக்கம் அப்படியே இருந்தது. நான் வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் இன்ஜின் சூடாகிவிடும், அவர்கள் பார்க்கும்போது எந்தக் குறையும் இருக்காது. கடைசியில் ஒரு காலையில், சென்சார்கள் இ.சி.யு-வுக்குச் சொல்வதைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை நானே மாட்டிப் பார்த்தேன். வெளியே 9 டிகிரி. கூலன்ட் 41 டிகிரி என்று காட்டியது. ராத்திரி முழுக்க நின்ற வண்டி அது!

கூலன்ட் சென்சாரின் உள்ளே இருப்பது சூடேற ஏற மின்தடை குறையும் ஒரு பொருள். பல வண்டிகளில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் இருக்கும், 80 டிகிரியில் சுமார் 300 ஓமுக்கு இறங்கிவிடும். வயதானாலோ, இணைப்பில் துரு ஏறினாலோ இந்தக் கணக்கு பிசகும். முழுதாகச் செத்துப்போனால் இ.சி.யு கண்டுபிடித்து விளக்கைப் போட்டுவிடும். அரைகுறையாகத் தப்பாகச் சொன்னால் நம்பிவிடும். குளிர்ந்த இன்ஜினைச் சூடானது என்று சொன்னால் பெட்ரோல் குறைந்து லீன் ஆகி, வண்டி திணறும். சூடான இன்ஜினைக் குளிர்ந்தது என்று சொன்னால் ரிச் ஆகி, கரும்புகையும் பெட்ரோல் வாடையும் வரும், மைலேஜ் குறையும்.

இதைச் சோதிப்பது எளிது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஓ.பி.டி என்கிற சாக்கெட் இருக்கும். அதில் செருகுகிற புளூடூத் ஸ்கேனர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது, அது சொல்வதைக் கைபேசியிலேயே படிக்கலாம். ராத்திரி நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் 'ஆன்' நிலைக்குத் திருப்புங்கள். கூலன்ட் வெப்பநிலையும், உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையும் சில டிகிரி வித்தியாசத்துக்குள் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. இதைவிடச் செலவு குறைந்த, தெளிவான சோதனை எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

கதவில் படிந்த கரி

த்ராட்டில் கதவின் ஓரத்தில் நாளடைவில் எண்ணெய்ப் பசையும் கரியும் படியும். ஐட்லிங்கில் காற்று போவதே அந்த ஓரத்து மயிரிழை இடைவெளியில்தான். அது அடைத்தால் இன்ஜின் மூச்சு முட்டும். இதற்கென்று விற்கும் கிளீனரையும் மெல்லிய துணியையும் வைத்துத் துடைத்தால் போதும். எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள வண்டியில் சாவி 'ஆன்' நிலையில் இருக்கும்போது கதவை விரலால் தள்ளவே கூடாது. விரல் நசுங்கும், உள்ளேயிருக்கும் பற்சக்கரமும் கெடும்.

சுத்தம் செய்த பிறகு ஐட்லிங் வழக்கத்தைவிட ஏறி நின்றால் பயப்பட வேண்டாம். அழுக்குக் கதவுக்கு ஏற்ப இ.சி.யு கற்றுவைத்திருந்த அளவை மறந்து, புதிதாகக் கற்க வேண்டும். சில வண்டிகளில் அதை ஸ்கேனரால் செய்ய வேண்டியிருக்கும், சிலவற்றில் இரண்டு மூன்று நாள் ஓட்டத்தில் தானாகவே சரியாகும். பேட்டரி மாற்றிய மறுநாள் நடுக்கம் தொடங்கியிருந்தாலும் இதேதான், கற்றது அழிந்திருக்கும். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் செலவு செய்யலாம்.

பொறியும் பெட்ரோலும்

ஸ்பார்க் பிளக்கின் முனைகளுக்கு நடுவே பல வண்டிகளில் 0.8 முதல் 1.1 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். தேயத் தேய இடைவெளி கூடும், பொறி தாவ அதிக மின்னழுத்தம் வேண்டும். காலையில் சிலிண்டருக்குள் ஈரப் பெட்ரோல் இருக்கும்போது பலவீனமான பொறி தோற்றுப்போகும். ஒரே சிலிண்டர் மிஸ்ஸிங் என்றால் ஸ்கேனர் பி0301, பி0302 என்று ஒரு கோளாறு எண்ணை, கடைசி இலக்கத்தில் சிலிண்டர் எண்ணோடு சொல்லும். அப்போது அந்தச் சிலிண்டரின் காயிலைக் கழற்றிப் பக்கத்துச் சிலிண்டரில் மாட்டி, மறுநாள் காலையில் பாருங்கள். அந்தக் கோளாறு எண் காயிலோடு சேர்ந்து இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக்கையும் இப்படியே மாற்றிப் பார்க்கலாம். புதுப் பாகம் வாங்காமலே விடை கிடைத்துவிடும்.

பி0171 என்று வந்தால் கலவை லீன் என்று பொருள். காற்றுக் கசிவையும் பெட்ரோல் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். டேங்கிலிருக்கும் பம்பில் ஒரு வால்வு, வண்டி நின்ற பிறகும் குழாயில் அழுத்தம் இறங்காமல் பிடித்து வைக்கும். அது தளர்ந்தால் ராத்திரியில் அழுத்தம் வடிந்துவிடும், காலையில் செல்ஃப் நீளமாக அடிக்கும், பிடித்ததும் திணறும். சாவியை 'ஆன்' செய்து, பம்ப் ரீங்கரிக்கும் இரண்டு மூன்று வினாடி பொறுத்து, அணைத்து, மறுபடி ஒரு தடவை அப்படியே செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். தொல்லை காணாமல் போனால் வடிவது பெட்ரோல் அழுத்தம்தான். ஒழுகும் இன்ஜெக்டராலும் இதே மாதிரி நடக்கும், ஆனால் அதில் ஒரு வீச்சு கரும்புகையும் பெட்ரோல் வாடையும் கூட வரும்.

தள்ளிப்போடக் கூடாத ஒன்று இருக்கிறது. காலையில் முதல் அரை நிமிடம் ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங், வெள்ளைப் புகை அடங்காமல் இனிப்பு வாடையோடு வருகிறது, கூலன்ட் அளவு வாரா வாரம் குறைகிறது. இவை மூன்றும் சேர்ந்தால் ஹெட் கேஸ்கெட் வழியாகக் கூலன்ட் சிலிண்டருக்குள் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அந்த வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். இன்ஜினே போய்விடும்.

இதுவரை பார்த்ததில் நினைவில் நிற்க வேண்டியது இவ்வளவுதான்: கசிவு, கரி, சென்சார், பொறி, அழுத்தம். ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு அடையாளம் இருக்கிறது. அந்த அடையாளம் தெரிவது காலையின் முதல் சில நிமிடங்களில் மட்டும்.

எத்தனாலைக் குறை சொல்லலாமா?

2025-இல் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பை எட்டிவிட்டதாக அரசு அறிவித்ததிலிருந்து எல்லாப் பழியும் அதன் மேல்தான் விழுகிறது. கொஞ்சம் நியாயமும் உண்டு. பெட்ரோலில் 40 டிகிரி சூட்டிலேயே ஆவியாகும் இலேசான பகுதிகள் இருக்கின்றன, காலையில் முதலில் எரிவது அவைதான். எத்தனால் கொதிப்பது 78 டிகிரியில். ஆவியாவதற்கு அது எடுத்துக்கொள்ளும் வெப்பமும் பெட்ரோலைப்போல இரண்டு மடங்குக்கு மேல். முழு எத்தனாலில் வண்டி ஓட்டும் பிரேசிலில் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கென்றே தனியாக ஒரு சின்னப் பெட்ரோல் டேங்க் வைத்த கார்கள் பல ஆண்டுகள் விற்றன.

ஆனால் நம் கலப்பில் 80 சதவீதம் பெட்ரோல்தான். இலேசான பகுதிகள் அதிலும் இருக்கின்றன. குறையில்லாத இன்ஜினை நீலகிரிக் குளிரில் நடுங்க வைக்க அது மட்டும் போதாது என்பதுதான் என் கருத்து. ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் பிளக்கையும், கசியும் குழாயையும் அது வெளியே காட்டிக்கொடுக்கிறது. எத்தனாலைத் திட்டிவிட்டுக் குழாயைப் பார்க்காமல் விடுவதுதான் நஷ்டம்.

பத்து நிமிடம் ஓடவிடுவது

நடுக்கத்துக்கு மருந்தாக, காலையில் பத்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டுவிட்டுக் குளிக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த வேலை வேண்டாம். நின்ற இடத்தில் இன்ஜின் மிக மெதுவாகத்தான் சூடேறும். அத்தனை நேரமும் ரிச் கலவை எரிந்து பிளக்கில் கரி படியும், ஆவியாகாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலிருக்கும் எண்ணெயைக் கழுவி இன்ஜின் ஆயிலில் போய்க் கலக்கும். அரை நிமிடம் போதும். அப்புறம் முதல் சில கிலோமீட்டர் விரட்டாமல் மெதுவாக ஓட்டினால் சீக்கிரம் சூடாகும். குளிர்ந்த இன்ஜினை நின்ற இடத்தில் ரேஸ் செய்வது அதைவிடக் கெடுதல்.

மெக்கானிக்கிடம் போகும்போது

வண்டியை ஓட்டிக்கொண்டு போனால் கோளாறு வழியிலேயே மறைந்துவிடும் என்பது இப்போது புரிந்திருக்கும். அதனால் முதல் நாள் சாயந்திரமே ஷெட்டில் விட்டுவிடுங்கள். அதற்கு முன் வீட்டில் ஒரு காலை ஸ்டார்ட்டைக் கைபேசியில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.பி.எம் முள் தெரிய வேண்டும், சத்தம் கேட்க வேண்டும். எத்தனை வினாடியில் அடங்கியது, புகை என்ன நிறம், பெட்ரோல் வாடை வந்ததா என்று குறித்துக்கொடுங்கள். "காலைல ஸ்டார்ட்டிங் டிரபிள்" என்று சொல்வதைவிட இது அவருக்கு எவ்வளவோ உதவும். நல்ல மெக்கானிக் இதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்.

காலையில் கடையைத் திறக்கும் பையன் பழக்கத்தில் எல்லா வண்டிகளையும் ஸ்டார்ட் செய்து வெளியே நகர்த்தி நிறுத்துவான். அதனால் சாவியைக் கொடுக்கும்போது, 'மெக்கானிக் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்' என்று ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங்கிலேயே ஒட்டிவிட்டு வாருங்கள்.